உ–17

உப்பனாற்றுச் சேற்றில் எடுத்தது, அதனால் உ.
பதினேழாவது தட்டில் முளைத்தது, அதனால் பதினேழு.
பிள்ளையார் சுழி போட்டுக் கணக்கெழுதுகிறாயா என்று
பத்மலோசனி கேலி செய்தாள்.
ஆறு வாரமாக அவள் தட்டுகளில் ஒன்றுமே வரவில்லை,
கேலி செய்ய அவளுக்கு உரிமை உண்டு.

என் தட்டில் வந்தது
வெந்தய அளவு, வெந்தய நிறம்,
ஓரம் மட்டும் கண்ணாடி.
ஊசிமுனையில் தொட்டால் நூலாக இழுபடும்.
மோந்து பார்க்கக் கூடாதென்பது விதி.
மோந்தேன்.
ஈரச் சாக்கு.

ஆயிரத்தைந்நூறு மரபெழுத்துகளை வரிசைப்படுத்தி
தெரிந்த உறவுகளோடு ஒப்பிட்டதில்
நெருங்கிய சொந்தம் ஜப்பானில், ஒரு சிப்பியின் செவுளில்.
தொண்ணூற்றேழு புள்ளி ஒன்பது விழுக்காடு.
தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழுக்குக் கீழே போனால்
தனி இனம் என்பது இப்போதைய வழக்கு.
எங்கள் வீட்டில் பாகம் பிரித்தபோதும்
அரை சென்ட்டில்தான் தகராறு.

பெயர் வைக்க வேண்டும், இலத்தீனில்.
இலத்தீன் முதலில் கேட்பது ஆணா பெண்ணா.
நடுவில் பிளந்து இரண்டாவதைத் தவிர
வேறு வம்சவிருத்தி அறியாததை
என்னவென்று சொல்ல?
தமிழாவது கொஞ்சம் இறங்கி வருகிறது:
சாயங்காலம் ஒன்றன்பால்,
விடிந்தால் பலவின்பால்.

ஊர்ப்பெயரோடு என்சிஸ் சேர்ப்பது சுலபம்.
கடலோரென்சிஸ் என்று எழுதிப் பார்த்தேன்.
தமிழ் எழுத்தில் அது
கடலோரம் போய் நின்றுகொண்டது.
கடலூர் ரொம்பப் பெரிசு, அந்தக் குப்பத்துப் பேரையே வை
என்றார் பேராசிரியர், போனில்.

மறுபடி சேறெடுக்க முதுநகர்த் துறையிலிருந்து போன அன்று
அஞ்சாப்புலியிடம் சொன்னேன்,
சந்தோஷப்படுவார் என்று.
எஞ்சினை நிறுத்தினார்.
"இன்னா தின்னுது அது?"
கம்பெனித் தண்ணியில் வரும் கரைப்பானை,
அதனால்தான் அங்கே பிழைத்திருக்கிறது என்றேன்.
கட்டுரையில் அது நல்ல செய்தி.

"அப்ப எங்க ஊரு பேர வெக்காதீங்க மேடம்.
கேரளா லாரிக்காரன் காதுல விழுந்தா
பெட்டிக்கு முந்நூறு கொறைப்பான்."
இலத்தீனில் இருக்கும், யாருக்கும் புரியாது என்றேன்.
"எந்த பாஷையில எழுதினாலும்
ஊரு பேரு ஊரு பேருதான?"

உங்கள் பேரை வைக்கட்டுமா?
"பூச்சிக்கா?" சிரித்தார்.
"எம்பேருல லோன் இருக்கு, அது போதும்."

லிமிகோலா என்று முடிந்தது.
சேற்றில் குடியிருப்பது.
உலகத்தில் எந்தச் சேறாகவும் இருக்கலாம்.
ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும்
அந்தச் சொல் மசியாது.

பெயர் செல்ல வேண்டுமென்றால்
அது உயிரோடிருக்க வேண்டும், இரண்டு தேசங்களில்.
படம் போதாது, வர்ணனை போதாது.
உறையவைத்து, உலர்த்தி, குப்பியில் அடைத்து
ஒன்று சண்டிகருக்கு, ஒன்று ஜெர்மனிக்கு.
பதினோரு கையெழுத்து, நாலு மாதம்.
அஞ்சாப்புலியின் மகனுக்கு
சிங்கப்பூர் விசா இன்னும் வரவில்லை.

கட்டுரை வெளியானது. பெயரில் ஊர் இல்லை.
ஆனால் விளக்கத்தின் ஏழாவது வரியில்
எங்கே எடுத்தோமென்று சொல்லியாக வேண்டும்:
அட்சரேகை, தீர்க்கரேகை,
நான்கு தசம இடம்வரை.
அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால்
அவர் படகு கட்டும் முளையில் போய் முட்டலாம்.
மீன் வாங்குகிறவர் யாரும்
ஏழாவது வரி படிப்பதில்லை
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
இங்கேயும் அந்தப் பெயரை எழுதவில்லை.

நேற்று இரண்டு மடவை கொடுத்தார்,
காசு வாங்கவில்லை.
செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்தேன்,
எல்லோரும் பார்ப்பதுபோல.
பிறகு மோந்தேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.